ஏறியவரை இறக்குவது யார்?

பாய்மரப் படகோட்டிகளிடையே ஒரு மோகம் வேரூன்றிவிட்டது. உச்சி விளக்கு எரியவில்லை, காற்றுமானி சுழலவில்லை, கப்பியில் கயிறு மாட்டிக்கொண்டது என்றால் முன்பெல்லாம் ஒருவரைப் போசன் சேர் என்ற தொங்கு இருக்கையில் உட்காரவைத்து, தளத்தில் இருப்பவர்கள் கயிறிழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றி மேலே ஏற்றுவார்கள். இன்று அப்படி ஏற்றப்படுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். கயிற்றைக் கவ்வி ஏற உதவும் மலையேறிகளின் ஜுமார் இரண்டு வாங்கி, இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, பாய் ஏற்றும் கயிற்றின் நுனியைத் தளத்தில் இறுகக் கட்டிவிட்டு, அதில் தானே ஏறிப் போவதுதான் கடலோடிக்கு அழகு என்று பேச்சு. தலைக்கவசத்தில் கேமரா. கீழே நிற்கும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கையிலும் கயிறு இல்லை. எனக்கு இந்த வெறுங்கைகளோடுதான் சண்டை.

இந்த மோகத்தின் ஊற்று தனியாள் பந்தயங்கள். வெண்டே குளோப் பந்தயத்தில் ஒருவர் துணையின்றி, எங்கும் நிற்காமல், வெளியுதவி பெறாமல் உலகைச் சுற்ற வேண்டும். 2000-01 பந்தயத்தில் 24 வயது எல்லன் மெக்கார்தர் ‘கிங்ஃபிஷர்’ படகின் பாய்மரத்தில் ஏறி, உடம்பெல்லாம் கன்றிப்போய் இறங்கியதை இன்றும் பேசுகிறார்கள். 94 நாளில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். 2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில் ழான்-லூக் வான் டென் ஹீடின் படகைத் தென் பசிபிக்கில் அலை புரட்டிப் போட்டது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் பிடிப்பு தளர்ந்துபோக, அவர் பலமுறை மேலேறிக் கட்டிச் சரிசெய்தார். 2019 ஜனவரியில் வென்றபோது அவருக்கு வயது 73. இவர்களைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் அவர்கள் தாமே ஏறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: தளத்தில் வேறு ஆள் கிடையாது. ஆள் இல்லாதவரின் கதியை, ஆள் இருப்பவர்கள் எடுத்து அணிந்துகொண்டதுதான் இந்த மோகம்.

நம் பக்கத்திலும் கடல் ஆர்வம் கூடியிருக்கிறது. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ படகில் கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும். அவர்களைப் பார்த்துப் படகேற ஆசைப்படும் பிள்ளைகளின் கைப்பேசிக்கு முதலில் வந்து சேர்வது இந்தத் தலைக்கவச வீடியோக்கள்தான். அதனால்தான் இதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

தானே ஏறுவதில் நன்மைகள் உண்டு, மறுக்கவில்லை. 80 கிலோ கணவரை 50 கிலோ மனைவி கைவின்ச்சைச் சுற்றி 15 மீட்டர் உயரம் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. ஏறுபவர் தன் வேகத்தில் போகலாம், பாய்மரத்தின் குறுக்குக்கரமான ஸ்ப்ரெடர் அருகே நின்று மூச்சு வாங்கலாம், வழியில் உள்ள கம்பி முனைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கலாம். மின்வின்ச்சில் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். பொத்தானை அழுத்துபவருக்கு மேலே என்ன தடுக்கிறது என்பது கையில் தெரியாது. மேலே இருப்பவரின் கால் ஸ்ப்ரெடருக்கடியில் மாட்டினாலும் இயந்திரம் இழுத்துக்கொண்டே இருக்கும். போசன் சேரும் குறையில்லாததல்ல. அது வெறும் இருக்கை. உட்கார்ந்திருப்பவர் மயங்கிச் சாய்ந்தால் நழுவி விழுந்துவிடுவார். ஹார்னஸ் போடும் பழக்கம் ஜுமாரோடு படகுக்கு வந்தது என்றால், அதற்காக ஜுமாருக்கு நன்றி சொல்லலாம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. ஹாலியார்டு, அதாவது பாயை ஏற்றும் கயிறு, கப்பியிலிருந்து வெளிவரும் இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும். எந்த விளக்கைப் பழுதுபார்க்க ஏறினாரோ அது தலைக்கு மேலே போய்விடும். கால்வாரில் எழுந்து நின்றுதான் எட்ட வேண்டும். ஜுமாரின் பற்கள் மலையேறிகளின் கயிற்றைக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டவை. டைனீமா உள்ளிழை போட்ட ஹாலியார்டு வழுவழுப்பானது. அதன் மேலுறை உள்ளிழையின் மீது நழுவக்கூடும். கருவிக்கான ஐரோப்பியத் தரம் கேட்பதே 4 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்றுதான். தொய்வான கயிற்றில் ஓரடி விழுந்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடலாம். இரண்டாவது கயிறே இல்லாமல், ஒற்றை ஹாலியார்டை நம்பி ஏறுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்கள், வேலைக்கயிறு ஒன்று காப்புக்கயிறு ஒன்று என்று இரண்டும் தனித்தனி இடத்தில் கட்டப்படாமல் கால் வைப்பதில்லை.

நான் பல வருடமாகச் சொல்லிவரும் குறை வேறு. இந்த முறையில் ஏற வழி இருக்கிறது. ஏறியவர் நல்ல நிலையில் இருந்தால் தானே இறங்கவும் வழி இருக்கிறது. அவரால் முடியாமல் போனால் மற்றவர்கள் அவரை இறக்க வழியே இல்லை.

கயிற்றின் கணக்கைப் பாருங்கள். 15 மீட்டர் பாய்மரம் என்றால் ஹாலியார்டு 30 மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்: தளத்திலிருந்து பாய்மரத்தின் உள்ளே உச்சிவரை ஒரு 15, கப்பியைத் தாண்டி வெளியே கீழ்வரை இறங்கிவர இன்னொரு 15, வின்ச்சில் சுற்றக் கொஞ்சம். சேரில் ஒருவரை ஏற்றும்போது, அவர் மேலே போகப் போக அந்த இரண்டாவது 15 மீட்டர் தளத்துக்கு வந்து குவிகிறது. அவர் உச்சியைத் தொடும்போது, அவரைக் கீழ்வரை இறக்கத் தேவையான கயிறு முழுவதும் வின்ச்காரரின் காலடியில் கிடக்கிறது. வின்ச்சில் மூன்று நான்கு சுற்று போட்டபடி கயிற்றை விட்டுக்கொடுத்தால் போதும், ஹார்னஸும் போட்டிருந்தால் நினைவிழந்தவரும் பத்திரமாக இறங்கிவிடுவார். யாரும் யோசித்துச் செய்ததல்ல அது. ஏற்றும் வேலைக்குள்ளேயே இறக்கும் வேலை அடங்கியிருக்கிறது.

ஜுமார்காரர் செய்வது என்ன? ஹாலியார்டின் பாய் நுனியைக் கீழே இழுத்து, பாய்மரத்தின் அடியில் உள்ள வளையத்தில் கட்டுகிறார். மறுமுனையை வின்ச்சில் இறுக்கி, கயிற்றை நகரவிடாமல் கவ்வும் கிளட்சை மூடுகிறார். கயிறு முழுவதும் உச்சிக்கும் தளத்துக்கும் இடையே இரட்டையாக நின்றுவிடுகிறது. மிச்சம் இல்லை.

துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு படகில் இதை அருகே நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஒருவர் தவளைபோல் காலை மடக்கி நீட்டி ஏறிக்கொண்டிருந்தார். கீழே, கிளட்சிலிருந்து வெளியே வந்த வால் மூன்று முழம் இருக்கும். அதன் நுனியில் கயிறு உள்ளே ஓடிவிடாமலிருக்க எட்டு வடிவ முடிச்சு. கிளட்சைத் திறந்தால் அந்த மூன்று முழம் ஓடும். முடிச்சு கிளட்சின் வாயில் வந்து இடிக்கும். மேலே இருப்பவர் மூன்று முழம் இறங்கி அங்கேயே தொங்குவார். முடிச்சை அவிழ்த்து இன்னொரு கயிற்றைக் கட்டி நீட்டலாமே என்றால், அந்தப் புது முடிச்சும் கிளட்சுக்குள் நுழையாது. பாய்மரத்தடியில் போட்டிருந்த போலைன் முடிச்சோ வின்ச் இழுத்த இழுப்பில் கல்லாகியிருந்தது. நகம்கூட நுழையவில்லை. ஏறிக்கொண்டிருந்தவர் நல்ல படகோட்டி. அவருடைய ஒவ்வொரு கருவியும் விலையுயர்ந்தது, புதியது. அவரை இறக்கும் வழி அந்தப் படகில் எங்கும் இல்லை.

ஹார்னஸில் இரண்டாவது ஹாலியார்டு மாட்டியிருக்கிறதே, அதில் இறக்கலாமே என்பார்கள். இறக்க முடியாது. ஜுமார் மேல்நோக்கி நகரும், கீழ்நோக்கி நகராது. அதன் வேலையே அதுதான். நினைவிழந்தவரின் இரண்டு ஜுமாரும் கட்டிய கயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கையில், காப்புக்கயிற்றை எவ்வளவு தளர்த்தினாலும் அவர் ஒரு விரற்கடைகூட இறங்க மாட்டார். அந்தக் கவ்விகளை விடுவிக்க இன்னொருவர் மேலே போயாக வேண்டும். எந்தக் கயிற்றில் போவார்? ஒரு ஹாலியார்டு முதலாமவரின் எடையில் இருக்கிறது, இன்னொன்று அவருடைய ஹார்னஸில் இருக்கிறது. சிறிய படகுகளில் மூன்றாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

மேலே ஒருவர் செயலிழந்துபோவது அரிதான கற்பனை என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் பாய்மரமுள்ள படகு இருபுறமும் 15 பாகை சாய்ந்து 4 வினாடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று வையுங்கள். குறுக்கலையில் நிற்கும் படகுக்கு இது பெரிய ஆட்டமில்லை. தளத்தில் காலை அகற்றி நின்றால் சமாளித்துவிடலாம். உச்சியில் இருப்பவரோ ஏறக்குறைய 8 மீட்டர் அகலத்துக்கு இங்குமங்கும் வீசப்படுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்மேல் பக்கவாட்டில் விழும் விசை கிட்டத்தட்ட அவருடைய எடைக்குச் சமம். ஒரு கை பிடி தவறினால் உடம்பு விலகிப் போய், திரும்பி வந்து அலுமினியத்தில் மோதும். தலையோ தோளோ விலாவோ, எது முதலில் படும் என்று சொல்ல முடியாது. மோதலே வேண்டாம். மே மாத வெயிலில், கைவைக்க முடியாதபடி சுடும் பாய்மரத்தை அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தால் தண்ணீர் இழந்து தலைசுற்றும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். அதற்கு மருத்துவம் ஒன்றுதான்: சீக்கிரம் கீழே இறக்குவது.

தென்னை ஏறும் கருவியில் போனவர் உச்சியில் மயங்கி, கால் கருவியில் மாட்டித் தலைகீழாகத் தொங்குவதும், தீயணைப்புக்காரர்கள் வந்து மீட்பதும் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அவ்வப்போது வருவதுதான். ஜுமாரும் அதே வகைக் கருவி: ஏறும் வேலையை எளிதாக்கும், ஏறியவரை விடாமல் பிடித்துக்கொள்ளும். தென்னை அசையாமல் நிற்கிறது, கீழே நிலம் இருக்கிறது, தீயணைப்பு நிலையம் பக்கத்து ஊரில் இருக்கிறது. கரையிலிருந்து 50 மைல் தள்ளி நிற்கும் படகுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த மோகத்தை ஆதரிப்பவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. உயரத்தில் நடந்த விபத்துகள் பலவற்றுக்குக் காரணம் கீழே இருந்தவரின் தவறுதான் என்கிறார்கள். தவறான கிளட்சைத் திறந்தது, வின்ச்சில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கியது, பேச்சு சுவாரசியத்தில் பிடி விட்டது. ஆகவே மனிதரை நம்பாதே, கட்டிய கயிற்றை நம்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்துசேரும் முடிவு தவறு. கீழே இருப்பவர் கவனக்குறைவானவர் என்றால் அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், கிளட்சுக்குப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும், காப்புக்கயிற்றை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் கையில் எதுவுமே இல்லாதபடி செய்துவிட்டால் தவறு செய்யும் வாய்ப்பு போகும். காப்பாற்றும் வாய்ப்பும் கூடவே போகும். தளத்தில் மூன்று பேர் நிற்கும்போது, அவர்களால் எதுவும் செய்ய முடியாதபடி கட்டிவிட்டு மேலே போவதைத் தன்னம்பிக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடன் வந்தவர்களை அவமதிப்பது அது. மேலிருப்பவருக்கு ஏதாவது நேர்ந்தால், அந்த மூன்று பேரும் அவர் தொங்குவதைப் பார்த்தபடி வானொலியில் உதவி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த நினைவோடு வாழப்போவது அவர்கள்.

வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உயரத்தில் வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே ஒருவரும் ஏணியில் கால் வைக்க முடியாது. ரேடார் அணைக்கப்பட்டிருக்கிறதா, சங்கு பூட்டப்பட்டிருக்கிறதா, கீழே நிற்பவர் யார், மீட்க என்ன ஏற்பாடு என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகள், வேலையைத் திட்டமிடும்போதே மீட்பையும் திட்டமிட வேண்டும் என்று சட்டமாகவே சொல்கின்றன. உல்லாசப் படகில் சட்டம் கேட்காது. எந்த அதிகாரியும் வந்து சீட்டுக் கேட்கப் போவதில்லை. அந்தச் சுதந்திரம் கிடைத்தவர்கள் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டாமா? வீடியோக்களில் ஹார்னஸின் விலை சொல்கிறார்கள், கருவியின் எடை சொல்கிறார்கள், உச்சியிலிருந்து தெரியும் கடலைக் காட்டுகிறார்கள். மயங்கினால் என்ன ஏற்பாடு என்று ஒரு வரி சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் மாற்று கடினமானதல்ல. ஹாலியார்டில் நேரடியாக ஏறாதீர்கள். பாய்மரத்தைவிடச் சில மீட்டர் நீளமான, அதிகம் நீளாத வகைக் கயிறு ஒன்றை, 11 மில்லிமீட்டர் தடிமனில், இதற்கென்றே வாங்கி வையுங்கள். அதன் ஒரு நுனியில் கண்ணி போட்டு, ஹாலியார்டின் நுனியை அந்தக் கண்ணியில் முடிச்சாகவே கட்டுங்கள். ஷேக்கிள் என்ற உலோகக் கொளுவியை நம்ப வேண்டாம். கட்டியபின் ஹாலியார்டை இழுத்து அந்தக் கயிற்றை உச்சிக்கு அனுப்புங்கள். முடிச்சு கப்பிக்குள் புகுந்து மாட்டாமல் ஒரு சாண் கீழே நிறுத்துங்கள். இப்போது ஹாலியார்டின் பாதி, பழையபடி வின்ச்சுக்குப் பின்னால் தளத்தில் குவிந்து கிடக்கும். கிளட்சை மூடி, வின்ச்சில் நான்கு சுற்று போட்டு, வாலைக் கிளீட்டில் கட்டுங்கள். ஏறும் கயிற்றின் அடிநுனியை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் மட்டும் பிடித்துவையுங்கள். ஏறுபவர் தன் ஜுமாரோடு இந்தப் புதுக் கயிற்றில் ஏறட்டும். ஹார்னஸில் இரண்டாவது ஹாலியார்டு இருக்கட்டும். அது தளத்தில் ஒருவர் கையில் இருக்கட்டும்.

அவருக்கு ஏதாவது ஆனால் அடிநுனியை உருவிவிட்டு, இரண்டு ஹாலியார்டுகளையும் சேர்ந்தாற்போல் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஜுமார் கவ்விய கவ்வு கவ்வியபடியே, கயிறும் ஆளுமாகக் கீழே வந்துவிடும். தளத்தில் ஒருவர் மட்டும் இருந்தால், காப்பை ஒரு கை தளர்த்தி, மற்றதை ஒரு கை இறக்கி, மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். ஏறியவர் பாய்மரத்தைச் சுற்றி வார் போட்டுத் தன்னைக் கட்டிக்கொள்பவராக இருந்தால் இந்த ஏற்பாடும் ஸ்ப்ரெடரில் நின்றுபோகும். ஆகவே அந்த வார் கூடாது, அல்லது எடை விழுந்தால் கீழிருந்து அவிழ்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த முறையில் முடிச்சுக்காக விட்ட இடம் போக, உச்சியில் எட்டும் தூரம் அரை மீட்டர்வரை குறையும் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். குறையட்டும். கால்வாரை நீட்டிக்கொள்ளுங்கள். ஓர் உச்சி விளக்குக்காக, இறக்க முடியாத கயிற்றில் ஏறத் தேவையில்லை. தனியாகக் கடலில் இருப்பவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர் எப்படி ஏறினாலும் வணங்குகிறேன். ஒருவர்கூடத் தளத்தில் இருக்கும் படகுக்குத்தான் சொல்கிறேன்.

இந்த வாரம் படகுக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். படகு துறையில் கட்டியிருக்கும்போது, நீங்கள் வழக்கமாகக் கட்டும் விதத்திலேயே கயிற்றைக் கட்டி, தளத்திலிருந்து ஓராள் உயரம் மட்டும் ஏறுங்கள். இரண்டாவது கயிறும் ஹார்னஸில் இருக்கட்டும். பிறகு கையையும் காலையும் தொங்கவிட்டு, எதுவும் செய்யாமல், எதுவும் பேசாமல் இருங்கள். கீழே நிற்பவர் உங்களை இறக்கட்டும். அவரால் முடியவில்லை என்றால், முடியும்வரை உச்சிக்குப் போகாதீர்கள்.